கிரகங்கள் காட்டுகின்றனவா, ஆட்டுகின்றனவா?

ஜோதிடம் உண்மையா, பொய்யா என்று ஆரம்பித்தால் பேச்சு சீக்கிரமே முட்டுச்சந்தில் போய் நிற்கும். நம்புகிறவர் தனக்குப் பலித்த ஒன்றைச் சொல்வார். நம்பாதவர் பலிக்காத பத்தைச் சொல்வார். இரண்டு பேரும் வந்தபடியே திரும்பிப் போவார்கள். தத்துவம் இந்த விஷயத்துக்குள் வேறு வாசல் வழியாக வருகிறது. "சனி பத்தில் இருக்கிறான், தொழிலில் தடை வரும்" என்று ஒருவர் சொன்னால் அதற்கு முதலில் என்ன அர்த்தம்? அந்தத் தடையைச் சனி உண்டாக்குகிறது என்கிறாரா? இல்லை, எப்படியும் வரப்போகிற தடையைச் சனி தெரியப்படுத்துகிறது என்கிறாரா?

கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கடிகாரம் ஆறு மணி காட்டும்போது பொழுது விடிகிறது, ஆனால் கடிகாரம்தான் பொழுதை விடியவைத்தது என்று யாரும் சொல்வதில்லை. கிரகங்கள் காட்டுகின்றனவா, ஆட்டுகின்றனவா என்ற இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு போனால், ஜோதிடத்தின் நீண்ட வரலாறும் அதை எதிர்த்தவர்களின் வாதங்களும் புரிய ஆரம்பிக்கும். இத்தனை எதிர்ப்புக்கும் பிறகு அது ஏன் செழிப்பாக இருக்கிறது என்பதும் புரியும்.

அரசனுக்கு மட்டும் வந்த செய்தி

வானத்தைப் பார்த்து எதிர்காலம் சொல்லும் வழக்கத்தின் மிக விரிவான பழைய பதிவுகள் மெசபடோமியாவில் கிடைத்திருக்கின்றன. 'எனுமா அனு என்லில்' என்ற தொகுப்பு சுமார் 70 களிமண் பலகைகள் கொண்டது. அதில் ஏறக்குறைய 7,000 நிமித்தக் குறிப்புகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே அச்சு: வானத்தில் இது நடந்தால் பூமியில் அது நடக்கும். மழை பொய்க்கும், எதிரி படையெடுப்பான், அரசன் இறப்பான். கவனிக்க வேண்டியது, இவை எல்லாமே நாட்டைப் பற்றியவை, அரசனைப் பற்றியவை. சாதாரண ஆளுக்கு அந்த வானத்தில் இடமே இல்லை.

அவர்களைப் பொறுத்தவரை கிரகணம் அரசனைக் கொல்வதில்லை. அரசன் சாகப்போகிறான் என்று தெய்வங்கள் எழுதி அனுப்பும் கடிதம் அது. கடிதம் என்றால் அதற்குப் பதில் போடலாம் அல்லவா? இங்கேதான் பரிகாரம் பிறக்கிறது. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரிய அரசர் எசர்ஹத்தோன் காலத்துக் கடிதங்கள் நினிவே நகரின் இடிபாடுகளில் கிடைத்திருக்கின்றன. கெட்ட கிரகணம் வந்தால் அரசர் சிம்மாசனத்தை விட்டு இறங்கிவிடுவார். வேறொருவனுக்கு அரச உடை போட்டு உட்கார வைப்பார்கள். அவனுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணை 'அரசி'யாக உட்கார வைப்பார்கள். அதிகபட்சம் 100 நாள் அந்த வேஷம் நடக்கும். அந்த நாட்களில் அரண்மனை அறிஞர்கள் உண்மையான அரசருக்கு எழுதும் கடிதங்களில் அவரை 'விவசாயி' என்றே விளிக்கிறார்கள், செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று. காலம் முடிந்ததும் பதிலி அரசனைக் கொன்றுவிடுவார்கள். வானம் சொன்னது 'பலித்துவிடும்', அரசர் திரும்பி வந்து உட்காருவார்.

படிக்கவே மனசு கனக்கிறது, ஆனாலும் இதிலிருக்கும் தர்க்கத்தைப் பார்க்காமல் போகக் கூடாது. விதி என்பது மாற்ற முடியாத சங்கிலியாக இங்கே இல்லை. அது பேச்சுவார்த்தைக்கு இடம் தருகிற எச்சரிக்கை. கிரகங்கள் காட்டுகின்றன, அவ்வளவுதான். காட்டியதைத் திருப்பிவிட மனிதன் முயலலாம். 'விதியை மாற்ற முடியாது' என்றும் 'பரிகாரம் செய்தால் சரியாகிவிடும்' என்றும் ஒரே மூச்சில் சொல்வது முரண்பாடாகத் தெரிந்தால், அந்த இரண்டாவது பாதியின் வயது 2,600 ஆண்டுகளுக்கும் மேல்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாபிலோனில் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. சூரியன் போகும் வானப் பாதையை 30 பாகை வீதம் 12 சம ராசிகளாகப் பிரித்தார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பிறப்பு ஜாதகம் கி.மு. 410ஐச் சேர்ந்தது. அரசனிடம் மட்டும் பேசிய வானம் இப்போது பிறந்த ஒவ்வொரு குழந்தையிடமும் பேச ஆரம்பித்தது. ஜோதிடத்தின் ஈர்ப்பில் பாதி இந்த இடத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். இத்தனை பெரிய பிரபஞ்சம் என்னைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் லேசானதல்ல.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. பாபிலோன் வானியலாளர்கள் கிரகங்களின் இருப்பை முன்கூட்டியே கணக்கிடக் கற்றுக்கொண்டார்கள். இது ஒரு தத்துவச் சிக்கலைக் கொண்டுவந்தது. எப்போது வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடக் கூடிய ஒன்று, தெய்வம் மனசு வைத்து அனுப்பும் செய்தியாக எப்படி இருக்க முடியும்? கணக்குக்குள் வந்துவிட்டால் அதன் பெயர் ஒழுங்கு. செய்தியிலிருந்து ஒழுங்குக்குப் போகும் இந்தப் பாதையில்தான் கிரேக்கர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

காட்டியது ஆட்ட ஆரம்பித்த கதை

ஸ்டோயிக் தத்துவவாதிகளுக்குப் பிரபஞ்சம் முழுவதும் ஓர் உயிருள்ள உடல். ஓர் உறுப்பில் நடப்பது இன்னோர் உறுப்பில் தெரியும். விதி என்றால் அவர்களுக்குக் காரணங்களின் அறுபடாத தொடர். வானமும் மனிதனும் ஒரே உடலின் பாகங்கள் என்றால், மேலே நடப்பதை வைத்துக் கீழே நடப்பதை அறியலாம் என்று சொல்ல ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி இந்த நியாயத்தை இயற்கை அறிவியலின் மொழியில் எழுதினார். அன்றைய வானியலின் உச்சமான நூலை எழுதியவரும் இவரே. அவருடைய வாதம் நிதானமானது. சூரியன் பருவங்களை மாற்றுகிறது. சந்திரன் கடலை ஏற்றி இறக்குகிறது. இந்த இரண்டு வானப் பொருள்களுக்குப் பூமியில் இவ்வளவு பாதிப்பு இருக்கும்போது, மற்ற கிரகங்களுக்கும் கொஞ்சமாவது இருக்கத்தானே வேண்டும்? வானியல் அளவுக்கு இதில் துல்லியம் கிடைக்காது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். மருத்துவர் நோயின் போக்கை அனுமானிக்கிற மாதிரி இதுவும் ஓர் அனுமானம் என்கிறார். பிறந்த நாடு, பெற்றோர், வளர்ப்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றும் எச்சரிக்கிறார்.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது நேர்மையாக இருக்காது. அன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் இது யோசித்துச் செய்த ஊகம். சூரியனும் சந்திரனும் பூமியைப் பாதிப்பது இன்றும் உண்மைதான். தெரிந்த உண்மையிலிருந்து தெரியாத இடத்துக்கு ஒரு பாலம் போட்டார், அந்தப் பாலம் பின்னால் எடை தாங்கவில்லை. ஆனால் அவர் கையில் ஜோதிடம் ஒரு புதிய பொறுப்பை ஏற்றுக்கொண்டுவிட்டது. கிரகங்கள் இப்போது ஆட்டுகின்றன. ஆட்டுகின்றன என்றால் எப்படி, எவ்வளவு, யாரை என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இரட்டையரும் ஓர் அடிமைக் குழந்தையும்

கேள்விகள் தாலமிக்கு முன்பே வந்துவிட்டன. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் ஐயவாதி கார்னியடீஸ் சில வாதங்களை வைத்தார். அவற்றைப் பின்னால் வந்தவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கி.மு. 44இல் ரோமானிய அறிஞர் சிசெரோ கேட்டது மிக எளிமையானது. கி.மு. 216இல் கன்னே போர்க்களத்தில் ஒரே நாளில் பல்லாயிரம் ரோமானியர்கள் மாண்டார்களே, அத்தனை பேரும் ஒரே நட்சத்திரத்தில் பிறந்தவர்களா?

அடுத்தது இரட்டையர் வாதம். ஒரே நேரம், ஒரே இடம், ஒரே தாய். ஆனால் இரண்டு வாழ்க்கை. இதற்கு நிகிடியஸ் என்ற ரோமானியர் சொன்ன பதில் புத்திசாலித்தனமானது. அவர் ஒரு குயவனின் சக்கரத்தை முழு வேகத்தில் சுற்றவிட்டு, ஒரே இடத்தில் மையால் படக்கென்று இரண்டு தடவை தொட்டார். சக்கரம் நின்றதும் பார்த்தால் இரண்டு புள்ளிகளும் வெகு தூரம் விலகி இருந்தன. வானமும் இப்படித்தான் வேகமாகச் சுழல்கிறது, இரட்டையருக்கு இடையே சில நிமிடங்கள் கழிந்தாலும் ஜாதகம் மாறிவிடும் என்றார்.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின் இந்தக் கதையை எடுத்துச் சொல்லிவிட்டு அதே சக்கரத்தைத் திருப்பிவிட்டார். அவ்வளவு சின்ன இடைவெளியில் எல்லாமே மாறிவிடும் என்றால், பிறந்த நேரத்தை அவ்வளவு துல்லியமாக யார் குறிக்க முடியும்? குறிக்க முடியாது என்றால் ஜோதிடர் எதை வைத்துப் பலன் சொல்கிறார்? நிகிடியஸ் ஜோதிடத்தைக் காப்பாற்றச் சொன்ன பதில், நடைமுறையில் ஜோதிடம் பார்ப்பதையே முடியாததாக ஆக்கிவிட்டது. ஒரு வாதம் தன்னைத்தானே எப்படிக் கவிழ்த்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

அகஸ்டின் இளம் வயதில் ஜோதிடத்தில் மூழ்கியிருந்தவர். அவரை அதிலிருந்து வெளியே கொண்டுவந்ததில் பிர்மினஸ் என்ற நண்பர் சொன்ன ஒரு சம்பவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பிர்மினஸின் தந்தையும் தந்தையின் நண்பரும் ஜோதிடப் பித்து கொண்டவர்கள், வீட்டில் விலங்குகள் குட்டி போட்டால்கூட நேரம் குறித்து வைப்பார்கள். பிர்மினஸின் தாய் கர்ப்பமாக இருந்த அதே சமயம், அந்த நண்பர் வீட்டு அடிமைப் பெண்ணும் கர்ப்பமாக இருந்தாள். இரண்டு வீட்டிலும் ஆள் தயாராக இருந்தார்கள், குழந்தை பிறந்ததும் மற்ற வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்ல. இரண்டு பிரசவமும் ஒரே நேரத்தில் நடந்தன. செய்தி கொண்டு ஓடிய இருவரும் சரியாகப் பாதி வழியில் சந்தித்துக்கொண்டார்களாம். இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே ஜாதகம்தான் எழுத முடிந்தது. பிர்மினஸ் செல்வத்தோடும் மரியாதையோடும் வளர்ந்தார். அந்தக் குழந்தை அடிமையாகவே இருந்தது.

அகஸ்டின் இதிலிருந்து எடுத்த முடிவு கூர்மையானது. அந்த ஒரே கட்டத்தைப் பார்த்து இருவருக்கும் சரியான பலன் சொல்ல வேண்டுமானால், இருவருக்கும் வேறு வேறு பலன் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல ஜாதகம் மட்டும் போதாது, குடும்பத்தை விசாரித்தாக வேண்டும். ஆக, பலித்த பலன் வானத்திலிருந்து வந்ததல்ல. எனக்கு இந்த வாதத்தில் பிடித்தது அதன் தர்க்கம் மட்டும் இல்லை. ஒரு மனிதனின் வாழ்க்கையைத் தீர்மானித்தது எந்த நேரத்தில் பிறந்தான் என்பதைவிட யார் வீட்டில் பிறந்தான் என்பதே என்று அது பளிச்சென்று காட்டிவிடுகிறது.

கிரேக்க மரபிலேயே இன்னொரு வழியைப் பிடித்தவர் 3ஆம் நூற்றாண்டின் பிளாட்டினஸ். கிரகங்கள் நல்லது கெட்டதை உண்டாக்குவதாகச் சொல்வது அவற்றை அவமதிப்பது மாதிரி என்பது அவர் எண்ணம். வானத்தில் இருப்பது ஒரு வகை எழுத்து, படிக்கத் தெரிந்தவர் படிக்கலாம் என்றார். ஆட்டுவதிலிருந்து காட்டுவதற்குத் திரும்பிவிட்டார்.

விளக்காக வந்த ஜாதகம்

இந்திய மரபிலும் இதே இழுபறி உண்டு. வேத காலத்தில் நட்சத்திரங்கள் முக்கியமாக வேள்விக்கு நாள் குறிக்கப் பயன்பட்டன. 12 ராசி, லக்னம், பாவங்கள் எனப்படும் வீடுகள் என்று நாம் இன்று அறியும் ஜாதக முறை பொது ஆண்டின் தொடக்க நூற்றாண்டுகளில் கிரேக்கர்களோடு ஏற்பட்ட தொடர்பால் வந்து சேர்ந்தது. இதை மறைக்க வேண்டிய அவசியம் பழைய ஆசிரியர்களுக்கு இருக்கவில்லை. 6ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர், யவனர்கள், அதாவது கிரேக்கர்கள், மிலேச்சர்கள் என்கிற அந்நியர்கள்தான், ஆனாலும் இந்தச் சாஸ்திரம் அவர்களிடம் நன்றாக நிலைபெற்றிருப்பதால் ரிஷிகளைப் போல அவர்களும் மதிக்கப்படுகிறார்கள் என்ற கருத்தைத் தன் நூலில் எடுத்து வைக்கிறார்.

வந்த முறைக்கு இங்கே கிடைத்த தத்துவ அடித்தளம்தான் வேறு. முற்பிறவியில் சேர்த்த நல்வினை தீவினையின் பலனை, இருட்டில் இருக்கும் பொருள்களை விளக்கு காட்டுவதுபோல இந்தச் சாஸ்திரம் காட்டுகிறது என்கிறார் வராகமிகிரர். இந்தக் கோணத்தில் கிரகத்துக்கு ஒரு பாவமும் தெரியாது. கஷ்டத்தைத் தந்தது வினை. கிரகம் விளக்கு. ஸ்டோயிக்குகளுக்கும் தாலமிக்கும் பதில் சொல்ல முடியாமல் இருந்த ஒரு கேள்விக்கு இது பதில் சொல்லிவிடுகிறது: பிர்மினஸும் அடிமைக் குழந்தையும் ஏன் வேறு வேறு வீட்டில் பிறந்தார்கள்? வினை. ஆனால் அந்தப் பதிலின் விலையைப் பாருங்கள். அடிமையாகப் பிறந்த குழந்தை அதற்குத் தானே காரணம் என்று ஆகிவிடுகிறது. நடந்த எல்லாவற்றையும் விளக்கிவிடும் கோட்பாடு, நடக்கும் அநியாயத்தையும் சேர்த்தே விளக்கிவிடும். இந்த இடத்தில் நான் வராகமிகிரரோடு போக முடியாமல் நின்றுவிடுகிறேன்.

எதிர்க்குரலும் இதே மண்ணில் உண்டு. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் ஒன்று இப்படிப் போகிறது. நகரத்துக் குடும்பம் ஒன்று கிராமத்துப் பெண்ணை நிச்சயம் செய்து, கல்யாணத்துக்கு நாளும் குறித்துவிட்டது. அதன் பிறகுதான் தங்கள் குருவான ஆஜீவகத் துறவியிடம் போய் நாள் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார்கள். முதலிலேயே தன்னைக் கேட்கவில்லையே என்ற கோபத்தில் அவர், இன்றைக்கு நட்சத்திரம் சரியில்லை என்று சொல்லிவிட்டார். இவர்கள் போகவில்லை. பெண் வீட்டார் காத்திருந்து பார்த்துவிட்டு அன்றைக்கே வேறு மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நட்சத்திரத்துக்காகக் காத்திருக்கும் அறிவிலியைக் காரியம் கடந்துபோய்விடுகிறது, காரியத்துக்குக் காரியமே நட்சத்திரம், விண்மீன்கள் என்ன செய்யும் என்று முடிகிறது கதையின் பாட்டு.

மனதுக்கு ஒரு விலக்கு

இஸ்லாமிய உலகில் அபூ மஷர் ஜோதிடத்துக்கு விரிவான தத்துவ நியாயம் எழுதினார், இப்னு சீனா அதை மறுத்து எழுதினார். ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் செய்த சமரசம்தான் நீண்ட காலம் நின்றது. வானம் உடலைப் பாதிக்கும், சரி. உடல் வழியாக ஆசை, கோபம் போன்ற உணர்ச்சிகளையும் தூண்டலாம். ஆனால் மனித அறிவும் சித்தமும் உடலல்ல, அதனால் வானத்தால் அவற்றைக் கட்டாயப்படுத்த முடியாது. அப்படியென்றால் ஜோதிடம் ஏன் பல நேரம் பலிக்கிறது? பெரும்பாலான மனிதர்கள் உணர்ச்சியின் போக்கிலேயே போகிறார்கள், அதை அடக்குகிற ஞானிகள் சிலர்தான் என்று பதில் சொன்னார். ஜோதிடத்தைப் பற்றிய கேள்வியை மனிதனின் சுதந்திரத்தைப் பற்றிய கேள்வியாக அவர் மாற்றிவிட்டார். விதியை மதியால் வெல்லலாம் என்று நாம் சொல்வதும் ஏறக்குறைய இதே ஊரில்தான் குடியிருக்கிறது.

பிறகு வானமே மாறியது. 1543இல் கோப்பர்னிகஸின் நூல் வந்தபோது பூமியும் ஒரு கிரகமாகிவிட்டது. 1687இல் நியூட்டன், ஆப்பிளுக்கும் நிலவுக்கும் ஒரே விதி என்று காட்டினார். மேலே ஆள்கிற உலகம், கீழே ஆளப்படுகிற உலகம் என்ற பழைய பிரிவினை போய்விட்டது. யாரோ ஒருவர் ஜோதிடத்தை வாதத்தில் வென்று வெளியேற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம், படித்தவர்களுக்கு அது மெல்ல மெல்லத் தேவையற்றுப் போனது.

இந்த மாற்றத்தின் நடுவில் நின்றவர் யோகான்னஸ் கெப்லர். கிரகங்களின் பாதை நீள்வட்டம் என்று கண்டுபிடித்தவர், ஜாதகமும் கணித்தவர். 1608இல் பெயர் சொல்லாத ஒருவருக்காக ஜாதகம் எழுதிக் கொடுத்தார். அந்த ஆள், பிற்காலத்தில் முப்பதாண்டுப் போரின் புகழ்பெற்ற தளபதியான வாலன்ஸ்டைன். பல ஆண்டுகள் கழித்து அதையே திருத்தி எழுதியபோது 1634 மார்ச்சில் பெரும் குழப்பம் என்று எழுதி நிறுத்திக்கொண்டார். 1634 பிப்ரவரி 25 அன்று வாலன்ஸ்டைன் கொல்லப்பட்டார். இப்படி ஒன்றைக் கேட்டால் யாருக்கும் கொஞ்சம் சிலிர்க்கும். ஆனால் இதையெல்லாம் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று அதே வாலன்ஸ்டைனை எச்சரித்தவரும் கெப்லர்தான்.

சிலிர்ப்புக்கு மருந்தாக சிசெரோ சொல்லும் பழைய கதை ஒன்று உண்டு. கடவுளை நம்பாத டயகோரஸிடம், வேண்டிக்கொண்டு புயலிலிருந்து தப்பித்தவர்கள் கோயிலில் வைத்த ஓவியங்களை ஒருவர் காட்டினாராம். "மூழ்கிப் போனவர்களின் ஓவியங்கள் எங்கே இருக்கின்றன?" என்று கேட்டார் டயகோரஸ்.

போலி அறிவியல் என்றால் என்ன?

20ஆம் நூற்றாண்டில் தத்துவவாதிகளுக்கு ஜோதிடம் வேறொரு காரியத்துக்குத் தேவைப்பட்டது. எது அறிவியல், எது அறிவியல் மாதிரி வேஷம் போடுவது என்று பிரித்துக் காட்ட அது கைக்கு வாகான உதாரணம். கார்ல் பாப்பர், தவறென்று நிரூபிக்க வாய்ப்புத் தரும் கோட்பாடுதான் அறிவியல் என்றார். ஐன்ஸ்டைனின் கோட்பாடு 1919 கிரகணத்தின்போது தோற்றிருக்கலாம், அந்த ஆபத்தை அது ஏற்றுக்கொண்டது. ஜோதிடர்களோ எப்படி நடந்தாலும் பொருந்துகிற மாதிரி மழுப்பலாகச் சொல்கிறார்கள் என்றார்.

இந்த விளக்கம் பிரபலம். ஆனால் தாமஸ் கூன் சொன்னது எனக்கு இன்னும் சரியாகப் படுகிறது. ஜோதிடர்கள் தெளிவாகச் சொல்லித் தெளிவாகத் தோற்ற சந்தர்ப்பங்கள் வரலாற்றில் நிறைய இருக்கின்றன என்று சுட்டிக்காட்டினார் கூன். பிரச்சினை தோல்வியில் இல்லை, தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ள வழி இல்லாததில் இருக்கிறது. வானியலாளரின் கணக்கு தவறினால் அவர் எங்கே தவறியது என்று தேடுவார், அதிலிருந்து அடுத்த ஆராய்ச்சி பிறக்கும். ஜோதிடரின் பலன் தவறினால் பிறந்த நேரம் தப்பாக இருக்கலாம், வேறொரு கிரகத்தின் பார்வை இருக்கலாம் என்று நூறு காரணம் சொல்லலாம், ஆனால் எதையும் சோதித்து முறையைத் திருத்த முடியாது. 1978இல் பால் தாகார்ட் இதோடு சமூகத்தையும் சேர்த்தார். போட்டிக்கு நல்ல மாற்று விளக்கங்கள் வந்த பிறகும் நெடுங்காலம் முன்னேறாமல், தன் பிரச்சினைகளைத் தீர்க்க முயலாமல் ஒரு துறை நின்றால் அது போலி அறிவியல் ஆகிவிடுகிறது. தாலமி காலத்தில் ஜோதிடம் போலி அறிவியல் இல்லை, இன்று அது அப்படித்தான் என்று சொல்ல இந்த அளவுகோல் இடம் கொடுக்கிறது. நியாயமான அளவுகோல்.

1975இல் 186 விஞ்ஞானிகள் ஜோதிடத்துக்கு எதிராகக் கூட்டறிக்கை விட்டார்கள். வானியலாளர் கார்ல் சேகன் அதில் கையெழுத்துப் போட மறுத்தார். ஜோதிடத்தை அவர் ஏற்கவில்லை, அறிக்கையின் அதிகாரத் தொனி பிடிக்கவில்லை. எப்படி வேலை செய்கிறது என்று தெரியவில்லை என்பது மட்டும் ஒன்றை மறுக்கப் போதாது என்றும் சொன்னார். கண்டங்கள் நகர்கின்றன என்று வெகெனர் சொன்னபோது அவை எப்படி நகர்கின்றன என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அவர் சொன்னது சரிதான்.

அதனால் கேட்க வேண்டியது, வேலை செய்கிறதா என்பது. 1985இல் ஷான் கார்ல்சன் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட சோதனை நேர்மையாக வடிவமைக்கப்பட்டது. ஜோதிடர்களின் ஒப்புதலோடு அது நடந்தது. ஒரு ஜாதகம், மூன்று பேரின் உளவியல் சோதனை அறிக்கைகள். ஜாதகத்துக்குரியவர் மூவரில் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதியளவாவது சரியாகச் சொல்வோம் என்று ஜோதிடர்கள் எதிர்பார்த்தார்கள். கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு, அதாவது கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் கிடைப்பது.

பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டுவதால் ராசிகள் இடம் மாறிவிட்டன என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கலாம். 72 ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு பாகை. பருவத்தை வைத்துக் கணக்கிடும் மேற்கத்திய சாயன முறைக்கும் விண்மீன்களை வைத்துக் கணக்கிடும் இந்திய நிராயன முறைக்கும் இப்போது சுமார் 24 பாகை வித்தியாசம். ஏப்ரல் 5 அன்று பிறந்தவருக்குச் சூரியன் அங்கே மேஷத்தில், இங்கே மீனத்தில். இதுவே ஜோதிடத்தைக் கவிழ்த்துவிடாது. எங்கள் ராசி பருவத்தை வைத்தது, விண்மீன் கூட்டத்தை வைத்ததல்ல என்று மேற்கத்திய ஜோதிடர் சொன்னால் அது ஒழுங்கான பதில்தான். நிஜமான சிக்கல் வேறு. ஒத்துப்போகாத இரண்டு முறைகளும் பல நூற்றாண்டுகளாக மனநிறைவோடு திரும்பிப் போகிறவர்களை உருவாக்கிக்கொண்டே இருக்கின்றன. அந்த மனநிறைவு எங்கிருந்து வருகிறது?

மனநிறைவு வரும் இடம்

1948இல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் 39 மாணவர்களுக்கு ஆளுமைச் சோதனை வைத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவு கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே காகிதம், அதிலிருந்த வரிகளைப் பெரும்பாலும் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். மற்றவர்கள் உங்களை விரும்ப வேண்டும், மதிக்க வேண்டும் என்ற ஏக்கம் உங்களுக்கு அதிகம் என்பது போன்ற வரிகள். யாருக்குத்தான் பொருந்தாது?

பலர் இந்தச் சோதனையைச் சொல்லிவிட்டு, மக்கள் ஏமாளிகள் என்று முடித்துவிடுகிறார்கள். அது அவசர முடிவு. அந்த வரி பொய் இல்லை. எல்லோருக்கும் உண்மையான ஒன்றைத் தனக்கென்று ஒருவர் சொல்லக் கேட்கும் சந்தர்ப்பம் மனிதருக்கு அபூர்வமாகவே வாய்க்கிறது. ஜாதகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒருவர் அரை மணி நேரம் நம்மைப் பற்றியே பேசுகிறார். வேறு எங்கே அது நடக்கிறது?

அதைவிட ஆழமான ஈர்ப்பு காலத்தைப் பற்றியது. சனி சூரியனைச் சுற்றிவர சுமார் 29 ஆண்டு 6 மாதம் ஆகிறது. ஒரு ராசிக்குச் சராசரியாக இரண்டரை ஆண்டு. ஜன்ம ராசிக்கு முந்தையது, ஜன்ம ராசி, அடுத்தது என மூன்று ராசிகளைக் கடக்க ஏழரை ஆண்டு. இதுதான் ஏழரைச் சனி. மேற்கத்திய ஜோதிடத்தில் சனி பிறந்த இடத்துக்கே திரும்பும் 29, 30 வயதைப் பெரிய திருப்பமாகச் சொல்வார்கள். அடுத்தடுத்து அடி விழுந்து கிடக்கிற ஒருவரிடம் இதைச் சொல்லும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். கஷ்டத்துக்கு ஒரு பெயர் கிடைக்கிறது. அதற்கு ஓர் ஆரம்பமும், முக்கியமாக ஒரு முடிவுத் தேதியும் கிடைக்கின்றன. மருத்துவர் நோய்க்குக் காரணம் சொல்வார், பொருளாதார நிபுணர் வேலை போனதற்குக் காரணம் சொல்வார். ஆனால் "ஏன் எனக்கு, ஏன் இப்போது, இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டால் இருவரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்வி காரணத்தைக் கேட்கவில்லை, அர்த்தத்தைக் கேட்கிறது. ஜோதிடத்தை அறிவியலால் அப்புறப்படுத்த முடியாமல் போனதற்கு இதுதான் காரணம் என்று நம்புகிறேன். அறிவியல் காலி செய்தது காரணங்களின் இடத்தை மட்டுமே.

உளவியலாளர் கார்ல் யுங் 1952இல் இதைக் கோட்பாடாகவே ஆக்கப் பார்த்தார். காரணத் தொடர்பே இல்லாமல் இரண்டு நிகழ்வுகள் அர்த்தத்தால் ஒன்றுசேரலாம் என்றார். பாபிலோனில் ஆரம்பித்த 'காட்டுகிறது' வேறு உடையில் திரும்பி வந்ததுதான் அது. இன்று படித்த இளைஞர்களிடம் ஜோதிடம் பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் இருக்கிறது. "நம்புகிறேன் என்று இல்லை, என்னைப் பற்றி யோசிக்க ஒரு மொழி கிடைக்கிறது" என்பார்கள்.

ஜெர்மன் தத்துவவாதி தியோடர் அடோர்னோ இதில் ஓர் ஆபத்தைப் பார்த்தார். 1952–53இல் ஓர் அமெரிக்க நாளிதழின் ராசிபலன் பகுதியைச் சில மாதங்கள் வரிவரியாகப் படித்து ஆராய்ந்தார். அதில் பயங்கரமான மந்திர தந்திரம் எதுவும் இல்லை. மேலதிகாரியிடம் பொறுமையாகப் போங்கள், காலையில் வேலையைக் கவனியுங்கள், மாலையில் குடும்பத்தோடு மகிழ்ச்சியாக இருங்கள் என்பது மாதிரி நல்ல பிள்ளைக்கான அறிவுரைகள். உலகம் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கும், நீ உன்னைச் சரிசெய்துகொள் என்பதைத்தான் நட்சத்திரங்களின் பெயரால் தினமும் சொல்கிறார்கள் என்றார். வேலையிடத்து அநியாயம் கிரகநிலையாக மாறிவிட்டால், அதை எதிர்த்து யாரிடம் போய் நிற்பது?

அடோர்னோ சொன்னதை முழுசாக ஏற்காவிட்டாலும் ஒன்றை மட்டும் விட முடியாது. என்னைப் பற்றி யோசிக்க ஒரு மொழி என்று சொல்லும்போதே நாம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறோம்: அந்த மொழி வெளியுலகத்தைப் பற்றி எதையும் தெரிவிப்பதில்லை. அப்படியானால் அதை என் மேல் மட்டும்தான் பயன்படுத்த முடியும். இன்னொருவரின் ஜாதகத்தைப் பார்த்து இவர் குணம் இப்படி, இவரை வேலைக்கு எடுக்க வேண்டாம், இவரைக் கல்யாணம் செய்ய வேண்டாம் என்று சொல்கிற நிமிடத்தில் மறுபடி தாலமியின் பக்கம் போய்விடுகிறோம். அங்கே கார்னியடீஸின் கேள்விகளும், அகஸ்டினின் கேள்வியும், கார்ல்சனின் மூன்று அறிக்கைகளும் காத்திருக்கின்றன. அவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் அந்த மனிதரை நிராகரிக்க முடியும். தனக்கு ஆறுதலுக்கு 'காட்டுகிறது', அடுத்தவரை ஒதுக்க 'ஆட்டுகிறது' என்று இரண்டையும் வசதிக்குத் தகுந்தபடி மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வது மட்டும் முடியாது.